ஒரு நானோமீட்டருக்கு எத்தனை கிகாஹெர்ட்ஸ்?

- மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு



ஆண்டு மலருக்கு எழுது என்றதும், "கவிதை எழுது, கடி ஜோக் எழுது" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கவிதைக்கு நம் பிரிவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன். பயந்துபோய் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடாதீர்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் முன்னால் இரண்டு லேசர் டையோடுகளின் டேட்டா ஷீட் இருக்கின்றன. முதல் லேசர் 1310 நானோமீட்டர். அதன் பட்டை அகலம் 2 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறது. இரண்டாவது லேசர் 1550 நானோமீட்டர். அதன் பட்டை அகலம் 1 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. இரண்டில் எது குறுகிய பட்டை? எத்தனை மடங்கு குறுகியது?

ஒன்று நீள அளவில் இருக்கிறது, மற்றது அதிர்வெண் அளவில் இருக்கிறது. மரக்காலையும் முழக்கோலையும் பக்கத்தில் வைத்து எது பெரிசு என்று கேட்ட மாதிரி இருக்கிறது அல்லவா? ஆனால் இதற்கு விடை உண்டு.

இந்தக் கேள்வியை நான் சும்மா பிடித்துக்கொண்டு வரவில்லை. நமக்கு முந்தைய செட்டில் படித்த ஓர் அக்கா ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தார். எல்லாப் பரீட்சையிலும் முதல் வகுப்பு வாங்கியவர். அங்கே கேட்டது இது ஒன்றுதான்: "100 கிகாஹெர்ட்ஸ் சேனல் என்றால் 1550-ல் எத்தனை நானோமீட்டர் வரும்?" அக்காவுக்குச் சூத்திரம் மனப்பாடம். ஆனால் எதை எங்கே போடுவது என்று அந்த நேரத்தில் ஓடவில்லை. வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. "ரெண்டு மார்க் கேள்வின்னு தள்ளிட்டேன் பாப்பா, அது ஒரு வேலையோட விலைன்னு தெரியாமப் போச்சு" என்று அக்கா சொன்னது என் மனசில் அப்படியே நிற்கிறது.

நம்மில் பலருக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சூத்திரம் மறந்தால் "அப்பா, இது எப்படிப்பா?" என்று கேட்க முடியாது. அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு மனப்பாடம் மட்டும் போதாது. மறந்தாலும் நாமே திரும்பக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்படிப் புரிய ஒரு வழி சொல்கிறேன்.

நாற்று நடவும் அலைநீளமும்

எங்கம்மா நடவு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் அவரிடம் கேட்டேன், "ஏம்மா, ஒரு வரிசைக்கு எத்தனை நாத்து புடிக்கும்?"

"அது எடைவெளியப் பொறுத்தது பாப்பா. நெருக்கி நட்டா நெறையப் புடிக்கும். எட்டி நட்டா கம்மி. வெரக்கட இடம் கூடிப்போனாலே முடியில எவ்வளவோ மிஞ்சிப்போவும்."

இதில்தான் நம் பாடம் முழுக்க இருக்கிறது.

12 மீட்டர், அதாவது 1200 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 15 சென்டிமீட்டர் என்றால் 80 நாற்று. இடைவெளியை ஒரே ஒரு சென்டிமீட்டர் கூட்டி 16 ஆக்குங்கள், 75 நாற்று. ஐந்து குறைந்துவிட்டது.

இப்போது எட்ட எட்ட நடுவோம். இடைவெளி 30 சென்டிமீட்டர் என்றால் 40 நாற்று. அதையும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி 31 ஆக்கினால் 38.7 வருகிறது. குறைந்தது 1.3 மட்டுமே!

கூட்டியது இரண்டு இடத்திலும் அதே ஒரு சென்டிமீட்டர். ஆனால் நெருங்கிய நடவில் 5 குறைகிறது, எட்டிய நடவில் 1.3 குறைகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் பாதிப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிறது.

இனி வயலை விட்டு ஒளிக்கு வருவோம். ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் ஓடுகிறது. 1983-ஆம் ஆண்டிலிருந்து மீட்டர் என்ற அளவையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். ஆகவே இதில் தசமம் கூடக் குறையாது. ஒரு வினாடியில் ஒளி ஓடிய அந்தத் தூரம்தான் நம் வரிசை. அந்த வரிசையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள இடைவெளி அலைநீளம். வரிசையில் பிடித்த முகடுகளின் எண்ணிக்கை அதிர்வெண். அவ்வளவுதான்!

அதிர்வெண் = ஒளியின் வேகம் ÷ அலைநீளம்

ஒரு சின்னச் சூட்சுமமும் உண்டு. அலைநீளத்தை நானோமீட்டரிலும் அதிர்வெண்ணை டெராஹெர்ட்ஸிலும் எடுத்துப் பெருக்கினால், ஒளியின் வேகம் ஒரு வினாடிக்கு எத்தனை கிலோமீட்டரோ அதே எண் வரும்: 2,99,792. பத்தின் அடுக்குகளைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1550-க்கு 2,99,792 ÷ 1550 = 193.4 டெராஹெர்ட்ஸ். முடிந்தது.

சதவீதம் மாறாது

இப்போது பட்டை அகலத்துக்கு வருவோம். லேசர் ஒரே நிறம் என்று படிக்கிறோம். உண்மையில் எந்த லேசரும் துல்லியமாக ஒரே அலைநீளத்தில் நிற்பதில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் பரவித்தான் இருக்கும். அந்தப் பரவலின் அகலமே பட்டை அகலம்.

1550 நானோமீட்டரில் 1 நானோமீட்டர் அகலம் என்றால், அது மொத்தத்தில் 1550-ல் ஒரு பங்கு. இடைவெளி எந்தப் பங்கு மாறுகிறதோ, எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே பங்கு எதிர்ப்புறமாக மாறும். ஆகவே அதிர்வெண் அகலமும் 193.4 டெராஹெர்ட்ஸில் 1550-ல் ஒரு பங்குதான். 193.4 ÷ 1550 = 0.1248 டெராஹெர்ட்ஸ், அதாவது சுமார் 125 கிகாஹெர்ட்ஸ்.

இதையே சூத்திரமாக எழுதினால்:

அதிர்வெண் அகலம் = ஒளியின் வேகம் × அலைநீள அகலம் ÷ (அலைநீளம் × அலைநீளம்)

கீழே அலைநீளம் ஏன் இரண்டு தடவை வருகிறது என்று பலருக்கும் சந்தேகம். ஒரு தடவை அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க வகுத்தோம். இன்னொரு தடவை பங்கைக் கண்டுபிடிக்க வகுத்தோம். அந்த இரண்டும்தான் இவை. வகைக்கெழு போட்டால் முன்னால் ஒரு கழித்தல் குறியும் வரும். அலைநீளம் கூடினால் அதிர்வெண் குறையும் என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது. அகலம் கேட்கும்போது அதை விட்டுவிடலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 1 நானோமீட்டர் அகலம் என்றதும் நேராக வேகத்தை 1 நானோமீட்டரால் வகுத்துவிடுகிறவர்கள் உண்டு. விடை 2,99,792 டெராஹெர்ட்ஸ் என்று வரும். ஒளியின் அதிர்வெண்ணே 193 டெராஹெர்ட்ஸ்தானே? அதன் அகலம் மட்டும் 1550 மடங்கு பெரிசாக எப்படி இருக்கும்? யானையை விட வால் பெரிசு என்று விடை வந்தால், பேப்பரைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டாமா!

கைக்கு அடக்கமான அட்டவணை

ஒவ்வொரு அலைநீளத்திலும் 1 நானோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன்.

532 நானோமீட்டர் (பச்சை லேசர்) - 1059 கிகாஹெர்ட்ஸ்
632.8 நானோமீட்டர் (ஹீலியம் நியான்) - 749 கிகாஹெர்ட்ஸ்
850 நானோமீட்டர் - 415 கிகாஹெர்ட்ஸ்
1064 நானோமீட்டர் (நியோடிமியம் யாக்) - 265 கிகாஹெர்ட்ஸ்
1310 நானோமீட்டர் - 175 கிகாஹெர்ட்ஸ்
1550 நானோமீட்டர் - 125 கிகாஹெர்ட்ஸ்

முதல் வரியையும் நான்காம் வரியையும் பாருங்கள். 1064-ல் சரிபாதி 532. அகலமோ 265-லிருந்து 1059, நான்கு மடங்கு. நடவில் பார்த்த அதே நான்கு!

மேலே கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். முதல் லேசர்: 2 × 175 = 350 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவது 1 மெகாஹெர்ட்ஸ். ஆக, இரண்டாவது மூன்றரை லட்சம் மடங்கு குறுகியது. அதை நானோமீட்டரில் சொன்னால் 0.000008. சாதாரணமாக ஆப்டிகல் ஸ்பெக்ட்ரம் அனலைசர் பிரித்துக் காட்டுவது 0.02 நானோமீட்டர் அளவில், அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். இந்த லேசரின் உண்மையான அகலம் அந்தத் திரையில் தெரியவே தெரியாது. தெரிவது கருவியின் அகலம்தான். அலகை மாற்றிப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இது பிடிபடும்.

அக்காவிடம் கேட்ட கேள்விக்கும் விடை இதோ: 100 ÷ 125 = 0.8 நானோமீட்டர்.

ஏன் ஒரே அலகை வைத்துக்கொள்ளக் கூடாது?

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே ஃபைபர் வேலையில் இரண்டு அலகும் வந்து நிற்கின்றன.

ஒரே ஃபைபரில் பல நிற ஒளியை அனுப்பும் டிடபிள்யூடிஎம் முறையில், சேனல்களைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதிர்வெண்ணில்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நடுக்கல் 193.1 டெராஹெர்ட்ஸ்; அலைநீளத்தில் 1552.52 நானோமீட்டர். அங்கிருந்து இரண்டு பக்கமும் 100, 50, 25, 12.5 கிகாஹெர்ட்ஸ் என்று படி வைத்துப் போகலாம். நாம் படிக்கும் சி பேண்ட் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை. அது 4.38 டெராஹெர்ட்ஸ் அகலம். 100 கிகாஹெர்ட்ஸ் படியில் சுமார் 40 சேனல் அடங்கும்.

அதே ஒன்றியம் விலை குறைந்த சிடபிள்யூடிஎம் முறைக்கு மட்டும் அலைநீளத்தில் பிரித்திருக்கிறது: 1271 முதல் 1611 வரை, 20 நானோமீட்டருக்கு ஒன்று. நானோமீட்டரில் பார்த்தால் எல்லாப் படியும் சமம். கிகாஹெர்ட்ஸில் பார்த்தால் 1271 பக்கம் ஒரு படி சுமார் 3700, 1611 பக்கம் சுமார் 2300. சமமான படி என்பதே நாம் எந்த அலகில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான்.

இனி வெயிலுக்கு வருவோம். 1550 டிஎஃப்பி லேசரின் அலைநீளம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் நகரும். "புள்ளி ஒன்னுதானே, போனால் போகுது" என்று தோன்றும். மாற்றிப் பாருங்கள்: 12.5 கிகாஹெர்ட்ஸ். லேசர் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் 1.5 நானோமீட்டர், அதாவது சுமார் 187 கிகாஹெர்ட்ஸ். 100 கிகாஹெர்ட்ஸ் படியில் ஏறக்குறைய இரண்டு வீடு தள்ளிப் போய் அடுத்தவன் சேனலில் உட்கார்ந்துவிடும்! டிடபிள்யூடிஎம் லேசருக்குள் குளிர்விப்பான் வைப்பது இதனால்தான். சிடபிள்யூடிஎம்-ல் 20 நானோமீட்டர் தாராளமாக விட்டிருப்பதால் குளிர்விப்பான் இல்லாமலே ஓட்டலாம், விலையும் குறைகிறது.

மூன்றாவது, டிஸ்பெர்ஷன் என்கிற ஒளிச் சிதறல். சாதாரண ஒற்றை முறை ஃபைபரில் 1550-ல் இது ஒரு நானோமீட்டருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 17 பிக்கோசெகண்ட். ஃபைபர்காரர் கொடுத்தது நானோமீட்டரில். ஆனால் நாம் அனுப்பும் தகவலோ கிகாபிட்டில், அதன் அகலமோ கிகாஹெர்ட்ஸில்! வினாடிக்கு 10 கிகாபிட் அனுப்பினால் சிக்னலின் அகலம் தோராயமாக 10 கிகாஹெர்ட்ஸ். மாற்றினால் 0.08 நானோமீட்டர். 60 கிலோமீட்டரில் 17 × 0.08 × 60 = சுமார் 82 பிக்கோசெகண்ட் பரவுகிறது. ஒரு பிட்டுக்கு இருக்கிற இடமே 100 பிக்கோசெகண்ட்தான். அதற்கு மேல் ஈடு செய்யாமல் அனுப்பினால் ஒரு பிட் அடுத்த பிட்டின் மேல் ஏறி விழும். 2.5 கிகாபிட் என்றால் அதே தூரத்தில் பரவல் சுமார் 20 பிக்கோசெகண்ட், பிட்டின் இடம் 400. கவலையே இல்லை. வேகத்தை நான்கு மடங்காக்கினால் பரவலும் நான்கு மடங்கு, இடமும் நான்கில் ஒரு பங்கு. ஆக நெருக்கடி பதினாறு மடங்கு. இந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்று, கிகாஹெர்ட்ஸை நானோமீட்டராக மாற்றத் தெரியாதவருக்கு விளங்காது.

ஃபைபர் வேலை ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் டிப்ளமோ படித்தவர்கள் தேவை.

நம் ஊர்க்காரர் காட்டிய வழி

திருச்சியில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமன், 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் தன் பெயர் கொண்ட விளைவை அறிவித்தார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ராமன் விளைவில் பொருளில் பட்ட ஒளியின் அதிர்வெண் ஒரு குறிப்பிட்ட அளவு இறங்கி வெளிவருகிறது. ஃபைபர் கண்ணாடியில் இந்த இறக்கம் வலுவாக இருப்பது சுமார் 13.2 டெராஹெர்ட்ஸில். 1450 நானோமீட்டர் ஒளியை உள்ளே விட்டால் இறங்கிய ஒளி 1549-க்கு அருகில் வரும்; தள்ளல் 99 நானோமீட்டர். அதே கண்ணாடியில் 532 பச்சை ஒளியை விட்டால் 545-க்கு அருகில் வரும். தள்ளல் 13 நானோமீட்டர் கூட இல்லை. நானோமீட்டரில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். அதிர்வெண்ணில் பார்த்தால் இரண்டும் ஒரே 13.2. கண்ணாடியின் குணம் எந்த நிற ஒளி விட்டாலும் மாறாது என்பது அங்கேதான் தெரிகிறது. ராமன் நிறமாலையில் சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற அலகைப் பயன்படுத்துவதும் இதற்காகவே. அந்த அலகில் ஒன்று என்பது சுமார் 30 கிகாஹெர்ட்ஸ்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: அகலம் சிறியதாக இருந்தால்தான் மேலே சொன்ன சூத்திரம் சரியாக வரும். 850 எல்இடி-யில் 50 நானோமீட்டர் அகலம் என்றாலும் பிழை ஆயிரத்தில் ஒன்று கூட இல்லை. ஆனால் 400 முதல் 700 வரை கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் எடுத்தால், நடுவில் 550 என்று வைத்துச் சூத்திரம் போட 297 டெராஹெர்ட்ஸ் வரும், உண்மை 321. அகலம் பெரிசு என்றால் இரண்டு முனைக்கும் தனித்தனியாக அதிர்வெண் கண்டு கழியுங்கள். அது எப்போதும் பொய் சொல்லாது.

இரண்டு: வெற்றிடத்து அலைநீளத்தையே போட வேண்டும். 1550 ஒளி கண்ணாடிக்குள் நுழைந்தால் அலைநீளம் சுமார் 1070 ஆகச் சுருங்கும், அதிர்வெண் மாறாது. ஹீலியம் நியானுக்கு 632.8 என்று படிக்கிறோமே, அது காற்றில். வெற்றிடத்தில் 632.99. அகலத்தை மாற்றும்போது இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதிர்வெண்ணையே துல்லியமாகக் கண்டுபிடிக்க 632.8 போட்டால் 143 கிகாஹெர்ட்ஸ் தவறிப்போகும்.

மூன்று: அகலம் என்றால் எந்த அகலம் என்று பாருங்கள். பாதி உயரத்தில் அளந்ததா, உச்சியிலிருந்து 20 டெசிபல் கீழே அளந்ததா? அலகை மாற்றினால் இந்த விளக்கம் மாறாது. இரண்டு லேசரை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உயரத்தில் அளந்திருக்க வேண்டும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. 1550-ல் 0.4 நானோமீட்டர் - எத்தனை கிகாஹெர்ட்ஸ்?
2. 850 லேசர், அகலம் 0.5 நானோமீட்டர் - எத்தனை கிகாஹெர்ட்ஸ்?
3. 1310-ல் 10 கிகாஹெர்ட்ஸ் - எத்தனை நானோமீட்டர்?
4. 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோசெகண்ட் துடிப்பு. காஸியன் வடிவத் துடிப்புக்கு, நேரத்தை அதிர்வெண் அகலத்தால் பெருக்கினால் குறைந்தது 0.441 வர வேண்டும். அலைநீள அகலம் எவ்வளவு?

விடைகள்: 1) 50 கிகாஹெர்ட்ஸ். 2) சுமார் 207 கிகாஹெர்ட்ஸ். 3) 0.057 நானோமீட்டர். 4) 4.41 டெராஹெர்ட்ஸ், ஆக 9.4 நானோமீட்டர்.

கணக்கு வராதவர்கள் விடையைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். சேர்ந்து போட்டுப் பார்ப்போம். நேர்முகத் தேர்வில் நம்மில் யாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலும், "எந்த அலைநீளத்தில் சார்?" என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையிலேயே நமக்கு விஷயம் தெரியும் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.